சாவா மூவாப் பேராடு

எங்கள் நெடுங்கரைப்பட்டியில் இடிந்த கோயில் என்று ஒன்று இருக்கிறது, கோயில் என்பது பேச்சுக்குத்தான், சுவரைப் பெயர்த்துக் கண்மாய் மடைக்குப் போட்டாயிற்று, கூரைக் கல்லைப் பெயர்த்து எதற்குப் போட்டார்கள் என்று எவருக்கும் ஞாபகமில்லை, உள்ளே இருந்த சாமி எந்தக் காலத்தில் எந்தத் திசைக்குப் போனார் என்றும் தெரியவில்லை, கருவேல மரங்களுக்கு நடுவில் மிச்சம் நிற்பது இரண்டாள் உயரத்தில் ஒற்றைக் கல்தூண், அதன் உடம்பெல்லாம் எழுத்து. அந்த எழுத்தை நாங்கள் படித்ததில்லை. வடக்கு முகத்தில் எருமைகள் முதுகைத் தேய்த்துக்கொள்ளும், கிழக்கிலும் மேற்கிலும் அறுப்புக்குப் போகிறவர்கள் அரிவாள் தீட்டுவார்கள், தெற்கு முகம் மட்டும் எங்கள் காவல் சாமி தூண்கருப்பு, அதற்கு எண்ணெயும் சந்தனமும் சாத்திச் சாத்தி, விளக்குப் புகையும் சேர்ந்து, உள்ளங்கைத் தடிமனுக்கு ஒரு கறுப்புத் தோல் ஏறியிருந்தது. அந்தப் பக்கத்தில் எழுத்து இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. சாமி முகத்தில் யார் எழுதுவார்கள்?

என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சோலை, ரேடியோ செட் வைத்திருக்கிறேன், கல்யாணமோ சாவோ ஊரில் எது நடந்தாலும் என் குழாய் வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை, கெட்டவன் என்று தனியாகச் சொல்லும்படியும் இல்லை, எல்லாரும் செய்ததை நானும் செய்தேன்.

ஒரு தை மாதம் கல்வெட்டைப் படியெடுக்க ஞானமுத்து என்று ஒருவர் வந்தார், தூணைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, மை ஒற்றி, வெள்ளை எழுத்தும் கறுப்புத் தாளுமாக உரித்து எடுத்ததை நாங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊர் அம்பலம் பெரியணன், "ஊருக்குப் பெருமைதானய்யா, சத்தமாப் படிங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றார், நான் மைக்கைக் கொண்டுபோய் வைத்தேன், ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு அந்தக் கல் வாய் திறந்தது என் குழாயில்தான். ஸ்வஸ்திஸ்ரீ என்று தொடங்கி ராஜா பெயர், நாட்டுப் பெயர் எல்லாம் போய், கடைசியில், இந்தத் தேவருக்கு ஒரு நந்தாவிளக்கு எரிக்க வைத்த சாவா மூவாப் பேராடு தொண்ணூறு, இந்த ஆடு தொண்ணூறும் கைக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அட்டுவேன் இவ்வூர் மன்றாடி சேவகனும் என் மக்களும் என்று முடிந்தது.

"மன்றாடின்னா இடையன்" என்று ஞானமுத்து விளக்கினார். "கோயில் விளக்குக்காகத் தொண்ணூறு ஆட்ட அவன்கிட்ட ஒப்படைச்சிருக்காங்க. சாகாத, கிழடாகாத ஆடுன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றது. ஒண்ணு செத்தா அவன் தன் ஆட்டுல ஒண்ணக் கொண்டுவந்து நிறுத்தணும். எண்ணிக்க சாகாது, அவ்வளவுதான்."

ஊரில் ஒரே ஒரு இடையர் வீடுதான், அந்த வீட்டில் தலைமுறைக்கு ஒரு சேவுகன் உண்டு, இப்போதைய சேவுகனுக்கு முப்பத்தொரு வயசு, மனைவி ராக்கு, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மீனாள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பின்னால் நின்ற அவனைப் பார்த்தது, அவன் வெட்கப்பட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். ஞானமுத்து புறப்படுகிற நேரத்தில், "வாசகம் முடியல, மீதி அந்தத் தெக்கு முகத்துல இருக்கணும், அந்த எண்ணெய்ப் பிசுக்க எடுத்தாப் படிச்சிரலாம்" என்றார். கருப்பைச் சுரண்டவா என்று பெரியணன் அம்பலம் எழுந்து நின்றார். ஞானமுத்து கும்பிட்டுவிட்டு, சேவுகன் வீட்டில் ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு, தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் தூணைச் சுற்றித் தொண்ணூறு ஆடுகள் நின்றன. செம்மறி, முகம் கறுப்பு, உடம்பு செம்மண் நிறம், வலது காதில் பிறை மாதிரி ஒரு வெட்டு, அப்படிக் காது வெட்டுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஒருவருமில்லை. எங்கிருந்து வந்தன என்று கொஞ்ச நேரம் பேசினோம், பிறகு எங்கே அடைப்பது என்று பேசத் தொடங்கினோம், அதிலேயே பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. சேவுகன் மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான், நொண்டிய ஒன்றின் குளம்பில் முள் எடுத்தான், சாயங்காலம் பாலைக் கறந்தான், அடுத்த சில நாளில் அந்தப் பாலில் நெய் எடுத்துத் தூணின் அடியில் ஒரு விளக்கை ஏற்றிவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை இளவட்டங்கள் ஒன்றைப் பிடித்து வெட்டினார்கள். சேவுகன் வேண்டாமென்றான், தொண்ணூறு இருக்கிறதே என்றார்கள். ஆடு மற்ற ஆடுகளைப் போலத்தான் கத்தியது, ரத்தம் ரத்தமாகத்தான் வந்தது, கறியும் கறியாகத்தான் இருந்தது, நாற்பத்து மூன்று வீட்டுக்கும் பங்கு போட்டுக் குழம்பு வைத்துத் தின்றோம், எலும்பை நாய்க்குப் போட்டோம். திங்கட்கிழமை காலையில் சேவுகன் பட்டியைத் திறந்தபோது தொண்ணூறு இருந்தன, வெட்டுப்பட்ட அதே ஆடு, அதே பிறைக் காதோடு, மற்ற எண்பத்தொன்பதோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஊரில் இருந்த சந்தோஷத்தை இப்போது சொல்லக் கூசுகிறது, அன்றைக்குக் கூசவில்லை, பிறந்ததிலிருந்து கறியை மாதத்துக்கொரு தரம் மோப்பம் பிடித்தே வளர்ந்த சனங்கள் நாங்கள். அடுத்த ஞாயிறு ஒன்று, அதற்கடுத்த ஞாயிறு ஒன்று, பிறகு கல்யாணத்துக்கு இரண்டு, வீடு குடிபோக ஒன்று, ஊர் அந்த அதிசயத்தைக் குழம்பில் போட்டுக் கரைத்துக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலமே என் குழாயில், நாளைக் காலை ஏழு மணிக்குக் கறி, பாத்திரம் கொண்டு வரவும், பிளாஸ்டிக் பை கொண்டு வரக்கூடாது என்று சொல்லிவிடுவேன். பக்கத்து ஊர்க் கறிக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார். எட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத மருமகன்கள் ஞாயிறு தவறாமல் மாமியாரைப் பார்க்க வந்தார்கள், எங்கள் ஊரில் பெண்ணெடுக்கப் போட்டி வந்தது, மசாலா அரைக்க இரண்டாவது மில் வந்தது, பிள்ளைகளுக்குக் கன்னத்தில் சதை வந்தது. நான் எலும்போடு கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துப் போடச்சொல்லி வாங்குவேன், மைக் செட்காரர் என்பதால் போடுவார்கள்.

முதலில் கவனித்தது முடிவெட்டுகிற கதிர்வேலுதான். "என்னப்பு, போன மாசம் ஒரு முடி நரைக்கல, இப்ப காதோரம் பூராம் வெள்ளையாக் கெடக்கு" என்று அவன் கேட்டதற்கு, "பித்தமா இருக்கும்" என்று சேவுகன் சிரித்தான். பங்குனியில் அவனுக்குக் கண்ணாடி இல்லாமல் காதுவெட்டு தெரியவில்லை, சித்திரையில் இரண்டு கடைவாய்ப் பல் போயிற்று, வைகாசியில் கம்பை ஊன்றிக்கொண்டு மேய்க்கப் போனான், ஆடுகள் அவனுக்காக நின்று நின்று நடந்தன. கணக்குப் பார்க்க ராக்குவுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை, ஒவ்வொரு திங்களும் விடியும்போது பக்கத்தில் படுத்திருக்கிற முகத்தைப் பார்த்தாலே போதும். அவனைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள், இருபது கிலோமீட்டர் தள்ளி, அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வழக்கம்போல இங்கே வெட்டினோம், திங்கட்கிழமை அங்கே அவனுக்கு ஒரு வயசு கூடியது. செவ்வாய்க்கிழமை அவனே திரும்பி வந்துவிட்டான், யாரும் ஆடுகளுக்குத் தண்ணி காட்டியிருக்க மாட்டார்கள் என்று.

ஆடி மாதம் ஊர்க்கூட்டத்தில் ராக்கு வந்து நின்றாள், பக்கத்தில் அவள் புருஷன், பார்த்தால் அவளுக்கு அப்பா என்று சொல்லலாம்.

"அம்பலத்தாரே, நீங்க ஒரு ஆடு வெட்டுனா இவருக்கு ஒரு வயசு கூடுது. ரெண்டு வெட்டுனா ரெண்டு கூடுது. அந்த ஆட்டுக்கு வர வேண்டிய சாவும் கெழடும் இவரு மேல எறங்குது. கண்ணு முன்னாடி ஒக்காந்திருக்காரு, பாருங்க. வெட்டுறத நிறுத்துங்க."

"ஏத்தா ராக்கு, வயசு கூடாத மனுசன் உண்டா? எனக்குந்தான் கூடுது" என்றார் பெரியணன் அம்பலம். நாங்கள் சிரித்தோம்.

"சக்கரையா இருக்கும், ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தீகளா?" என்று ஒருவர் கேட்டார்.

"வாரா வாரம் வயசக் கூட்டுற சக்கர எங்கிட்டு இருக்கு?" என்றாள் ராக்கு.

ஆட்டினால்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார் இன்னொருவர், ஆடு வந்தது ஊருக்கா உன் வீட்டுக்கா என்றார் மற்றொருவர், திடுதிப்பென்று நிறுத்த முடியுமா, நாக்குப் பழகிவிட்டது, பிள்ளைகள் சோற்றைத் தொடமாட்டேன் என்கிறதுகள் என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கடைசியில் ஊர் பெரிய மனசு பண்ணியது, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான், விசேஷத்துக்கு வெட்டுவதில்லை, பத்திரிகை அடித்துவிட்டவர்களுக்கு மட்டும் விலக்கு, சேவுகனுக்கு இந்த வருஷத் திருவிழாவில் முதல் மரியாதை. தீர்மானத்தை நான்தான் குழாயில் வாசித்தேன். பிறகு எல்லாரும் விசேஷத்துக்கு முன்கூட்டியே பத்திரிகை அடித்து வைத்துக்கொண்டோம்.

முதல் மரியாதையை வாங்கும்போது அவனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். நாங்கள் அவனைப் பெரியவர் என்று கூப்பிடப் பழகியிருந்தோம், அவனோடு படித்தவர்கள்கூட, எதிரே வந்தால் பீடியை மறைத்தார்கள். அவனுக்கு முதியோர் பென்ஷன் வாங்கித் தரலாம் என்று நல்லெண்ணத்தில் சிலர் அழைத்துப் போனார்கள், ஆபீசில் ஆதாரைப் பார்த்துவிட்டு முப்பத்திரண்டு வயசுக்குப் பென்ஷன் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், வருகிற வழியில் டீக்கடையில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம், அவனும் பல்லில்லாமல் சிரித்தான். ஒரு நாள் நான் கேட்டேன், "ஏம்ப்பா, அந்த ஆடுக மேல ஒனக்கு ஆத்தரமே வரலயா?" என்று. "அதுக என்னண்ணே செய்யும். அதுகளா கத்திய எடுக்குது" என்றான். அதற்குப் பிறகு நான் அவனிடம் அதிகம் பேசுவதில்லை.

மறு தை பிறந்து எட்டாம் நாள், திங்கட்கிழமை காலை, பட்டிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தபடியே சேவுகன் செத்துப்போயிருந்தான். அவனைக் குளிப்பாட்டியவர்கள் உடம்பு ஒரு சிறு பிள்ளை எடைகூட இல்லை என்றார்கள். ஊர் திரண்டு வந்து அழுதது, பொய்யாக அழவில்லை, எங்களுக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது, நான் செட்டுக்கு வாடகை வாங்கவில்லை. பூமாலை போட்டுப் பெரிய சாவாக எடுத்தோம், தேரெல்லாம் கட்டி, முப்பத்திரண்டு வயசுக்காரனைக் கல்யாணச் சாவு எடுத்தோம். ராக்கு அழுத மாதிரி தெரியவில்லை. அவள் கண் மகள் மேலேயே இருந்தது.

அவள் எதற்குப் பயந்தாள் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சேவகனும் என் மக்களும் என்று கல்லில் இருந்ததை எல்லாரும்தான் கேட்டோம். ஆனால் வியாழக்கிழமை பெரியணன் அம்பலத்தின் பேரனுக்குக் காதுகுத்து, மூன்று ஊருக்குப் பத்திரிகை போய்விட்டது. சாவு விழுந்த நாலாம் நாள் செய்யலாமா என்று ஒரு பேச்சு வந்தது, வேறு சாதி, வேறு தெரு, தீட்டு இல்லை என்று முடிவாயிற்று. ராக்கு அம்பலத்தார் வீட்டு வாசலில் போய் விழுந்தாள்.

"எம்புள்ளைக்கு ஏழு வயசுய்யா" என்றாள்.

"ஒண்ணும் ஆகாதுத்தா. அவனுக்கு என்னமோ சீக்கு. பிள்ளைக்கு எதுக்கு வருது? மனசப் போட்டு ஒழப்பிக்கிறாத" என்று அவர் அவளைத் தூக்கிவிட்டார், அவர் குரலில் இரக்கம் இருந்தது, நான் பக்கத்தில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று ஆடு வெட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மீனாளுக்குச் சட்டை நுழையவில்லை. விழுந்திருந்த முன்பல் இரண்டும் முளைத்திருந்தன, பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறி நின்றது, படுக்கையிலிருந்து எழுந்தவள் தன் கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் ஏன் நீளமாயிட்டேன்?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்துக்கு அம்மாவின் தாவணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனாள், இரண்டாம் வகுப்புப் பெஞ்சில் கால் மடக்க இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தாள், கூடப் படிக்கிற பிள்ளைகள் அக்கா என்றதும் அழுதாளாம். தெருவில் அவள் வருவதைப் பார்த்துப் பெண்கள் உள்ளே போனார்கள். நானும் உள்ளே போனேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ராக்கு ஒரு குடம் வெந்நீரும், புளியும் சாம்பலும், தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு இடிந்த கோயிலுக்குப் போய்த் தூண்கருப்பின் முகத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். மீதி வாசகம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று ஞானமுத்து சொன்னதை ஊரில் அவள் ஒருத்திதான் மறக்காமல் வைத்திருந்தாள். முதல் நாள் சந்தனம் போயிற்று, இரண்டாம் நாள் எண்ணெய்க் கறை பாளம் பாளமாக வந்தது, கருப்பு கண்ணைத் திறந்தால் ஊர் தாங்குமா, அந்த ஞாயிற்றுக்கிழமை பயத்தில் ஒருவரும் கறி போடவில்லை. கையைப் பிடித்து இழுக்கப் போன இளவட்டங்களிடம் அவள், "தொட்டீகன்னா இந்தக் கல்லுலயே தலைய மோதிச் செத்துருவேன். பெறகு எம்புள்ள ஒங்க பொறுப்பு" என்றாள். பொறுப்பு என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் எழுத்து வெளியே வந்தது.

ஊர்க்கூட்டம் கூடி, சாமி குத்தம் செய்தவள் புதன்கிழமை சாயங்காலம் கருப்புக்கு முன்னால் விழுந்து, மைக்கில் ஊர் கேட்க மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சரி என்றாள். அத்தனை லேசாக அவள் ஒத்துக்கொண்டபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை நாற்பத்து மூன்று வீடும் வந்திருந்தது. நான் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தேன். அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு நேராகப் பிடித்தாள். "படிங்கய்யா" என்றாள். எழுத்தை முன்பே படம் பிடித்து ஞானமுத்துவுக்கு அனுப்பியிருக்கிறாள், அவர் குரல் என் குழாயில் வந்தது, போன வருஷம் வந்த அதே குரல், கொஞ்சம் இரைச்சலோடு.

"இம்மன்றாடிக்குப் புணைப்பட்டோம் இவ்வூர் ஊரோம். இவன் சாவிலும் போகிலும் தொலையிலும் ஊரோமே நின்று சுமப்போம் ஆனோம். இப்படிச் சம்மதித்தோம் ஊரோம். சந்திரனும் சூரியனும் உள்ளவரை."

"என்னய்யா அர்த்தம்? ஊருக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க" என்றாள் ராக்கு.

"ஊர்க்காரங்க அம்புட்டுப் பேரும் அந்த இடையனுக்கு ஜாமீன் நின்னுருக்காங்கம்மா. அவன் செத்துட்டா அவன் சுமந்தத இனி ஊரே சுமக்கணும்."

அவள் போனை அணைத்தாள். மைக்கை என்னிடம் கொடுத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள், கல்லையா எங்களையா என்று தெரியவில்லை, மகளைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லையே என்று யாரும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த பெண்கள் வாளியைக் கீழே போட்டார்கள். வீட்டுக்கு இரண்டாக ஆடுகள் வாசலில் நின்றன, மிச்சம் நாலும் சேர்ந்து பெரியணன் அம்பலத்தின் வாசலில் ஆறு. ராக்குவின் வாசல் மட்டும் காலியாக இருந்தது, பட்டி திறந்து கிடந்தது. என் வாசலில் நின்றவை இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, நான் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தன.

இங்கேதான் எனக்குத் தாங்க முடியாத இடம். ஒருவரும் அத்தாட்சி கேட்கவில்லை. ஒன்றை வெட்டித்தான் பார்ப்போமே, வயசு கூடுகிறதா இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை. சக்கரை என்றவர் வாயைத் திறக்கவில்லை. நாக்குப் பழகிவிட்டது என்ற பெண்கள் அன்று மத்தியானம் ரசமும் துவையலும் வைத்தார்கள், பிள்ளைகள் தின்றுவிட்டு விளையாடப் போனார்கள். ஒரு வருஷமாக நிறுத்த முடியாமல் இருந்தது, வெயில் ஏறுவதற்குள் நின்றுவிட்டது. ஆடுகளை நாங்கள் கண்ணுக்குள் வைத்துக்கொண்டோம், கழுத்தை அறுக்காமல் இருக்கப் பருத்திக் கயிற்றில் கட்டினோம், கண்மாயில் குளிப்பாட்டினோம், நாய் அண்டாமல் முறை போட்டுக் காவல் இருந்தோம், வெயிலுக்குப் பந்தல் போட்டோம். பெரியணன் அம்பலம் ஆறு ஆட்டையும் வீட்டுக்குள்ளேயே கட்டினார், காதுகுத்தின பேரனைக் கட்டிலில் இருந்து இறக்கிவிட்டு ஆடுகளுக்கு இடம் கொடுத்தார். விளக்குக்கு நெய் ஒரு நாளும் குறையவில்லை.

பதினாறாம் நாள் சேவுகனுக்குக் கருமாதி. எங்கள் பக்கத்தில் கருமாதி முடிந்தால் கறிச்சோறு போட்டுத்தான் துக்கத்தை முடிப்பது, கறி போடாத வீட்டில் துக்கம் முடியவில்லை என்றுதான் பொருள். முதல் நாள் ராக்கு வீடு வீடாக வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தைதான்.

"எம்புருசன் கருமாதிக்கு ஒரு ஆடு குடுங்க."

சத்தம் போடவில்லை, பழித்துப் பேசவில்லை, கேட்டுவிட்டு நின்றாள். ஒரு வீட்டில் ஆள் இல்லை என்று உள்ளிருந்தே சொன்னார்கள். ஒரு வீட்டில், கறி உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். என் வாசலுக்கு வந்தபோது நான், "ரெண்டுக்கும் ஒடம்பு சரியில்லத்தா" என்றேன். சாகாத ஆட்டுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னவன் நான். அவள் அந்த ஆடுகளின் நெற்றியைத் தடவிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். பெரியணன் அம்பலத்தார் மட்டும் வெளியே வந்து அவள் முன் நின்றார், அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஆறு நிக்கிது ஒங்ககிட்ட. ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

"இந்த வீட்ல சின்னஞ்சிறுசுக இருக்குதுத்தா. ஒனக்குத் தெரியாததா" என்றார்.

"தெரியும்யா. எனக்குத்தான் தெரியும்" என்றாள்.

மறுநாள் ஊர் முழுக்கக் கருமாதிக்குப் போனோம். போகாமல் இருந்திருக்கலாம், போகாவிட்டால் தப்பாகிவிடும் என்று போனோம். சடங்கு முடிந்து இலை போட்டார்கள், சோறு, பூசணிக்காய் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். ராக்குவே கரண்டியோடு பந்தியில் வந்தாள், பின்னால் தண்ணீர்ச் செம்போடு மீனாள், தாவணி தடுக்கத் தடுக்க நடந்தாள், ஏழு வயசில் தூக்க முடியாத செம்பைப் பத்து வயசுக் கை தூக்கியிருந்தது. என் இலைக்கு வந்தபோது ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன், செத்தவனைப் பற்றி, பிள்ளையைப் பற்றி, மன்னித்துக்கொள் என்று.

"சாம்பார் நல்லாருக்குத்தா" என்றேன்.

அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"கறி இல்லாமயே சோறு எறங்குதுல்லண்ணே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். குனிந்து தின்றுகொண்டிருந்தேன்.